கையெழுத்துப் போடும் முன்: ஜிம்மா, வீடா?

தைப்பூசம் முடிந்த இரண்டாவது ஞாயிறு. தேவார வகுப்பு முடிந்து எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். தம்பி ஒருவன் மட்டும் போகாமல் நின்றான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மூன்று மாதம் ஆகிறது. கைப்பேசியை என் முன்னால் நீட்டினான்.

"அண்ணே, இத கொஞ்சம் பாருங்க. இன்னிக்கு ராத்திரிக்குள்ள சைன் பண்ணா பதிவுக் கட்டணம் இல்லையாம்."

பார்த்தேன். ஒரு ஜிம்மின் ஒப்பந்தம். மாதம் 149 வெள்ளி, 24 மாதத்திற்கு. பளபளவென்று படங்கள், கீழே பொடி எழுத்தில் இரண்டு பக்க நிபந்தனைகள்.

"ஏன் தம்பி திடீர்னு?" என்றேன்.

"அப்பாவுக்குப் போன வருசம் கால்விரல் எடுத்தாங்கல்ல. சர்க்கரை. எனக்கு இப்பவே இடுப்பு 38 அண்ணே."

அதற்குமேல் அவனிடம் விளையாட்டாகப் பேச முடியவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொருவன், "ஜிம் எதுக்குடா? அந்தக் காசுக்கு வீட்லயே ஒரு செட் வாங்கிப் போட்டுடலாம்" என்றான். அரை மணி நேரம் வாக்குவாதம். முடிவில் நான் சொன்னது ஒன்றுதான்: "இன்னிக்கு ராத்திரி சைன் பண்ணாதே. ஒரு வாரம் பொறு." அந்த ஒரு வாரத்தில் அவனோடு பேசியவற்றைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். தேவாரம் சொல்லிக்கொடுக்கிறவன் ஜிம்மைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு வழியிலும் காசை இழந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

முதலில் அந்த 38. ஆசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்பது மருத்துவர்கள் கொள்ளும் அளவு. 38 அங்குலம் என்றால் 96 சென்டிமீட்டர் தாண்டுகிறது. 2023இல் நம் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் என்று தெரிந்தது. 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு. நம் இந்தியர்களிடையே விகிதம் இன்னும் அதிகம். நம் கோயில் அன்னதான வரிசையில் நிற்பவர்களை எண்ணிப் பார்த்தாலே தெரியும், புள்ளிவிவரம்கூட வேண்டாம்.

தசை உழைக்கும்போது இரத்தத்தில் ஓடும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அதற்கு இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. ஆகவே தம்பி பயந்ததும் சரி, உடம்பை உழைக்க வைக்க நினைத்ததும் சரி. எந்த இடத்தில் உழைப்பது என்பதில்தான் நாம் தடுக்கி விழுகிறோம்.

நரேந்திரன் வீட்டு ஜிம்

சுவாமி விவேகானந்தர் 1897இல் சென்னையில் பேசியபோது, முதலில் உடம்பில் வலு ஏற்றுங்கள், சமயம் பின்னால் வரும் என்ற பொருளில் இளைஞர்களிடம் சொன்னது நம் எல்லோருக்கும் தெரியும். கூட்டங்களில் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்காத பேச்சாளர் இல்லை. ஆனால் அவரே சின்ன வயதில் வீட்டில் ஒரு ஜிம் வைத்தார், அது மூடப்பட்டது என்பதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

1870களில், கல்கத்தாவின் சிம்லா பகுதியில், நரேந்திரன் பள்ளி மாணவன். வீட்டுப் பூசைக்கூடத்தில் நண்பர்களைச் சேர்த்து நாடகம் போட்டான். சித்தப்பாவுக்குப் பிடிக்கவில்லை, நாடகம் நின்றது. அடுத்து வீட்டு முற்றத்தில் உடற்பயிற்சிக்கூடம் அமைத்தான். நண்பர்கள் தினமும் வந்தார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. ஒருநாள் உறவுக்காரப் பையன் ஒருவனுக்குக் கை முறிந்துவிட்டது. சித்தப்பா பயிற்சிக் கருவிகளை உடைத்துப் போட்டுவிட்டார். வீட்டு ஜிம்மின் கதை அதோடு முடிந்தது.

நரேந்திரன் உடற்பயிற்சியை விட்டுவிடவில்லை. அக்கம்பக்கத்தில் நவகோபால் மித்ரர் நடத்திய உடற்பயிற்சிக்கூடத்தில் நண்பர்களோடு போய்ச் சேர்ந்தான். இந்த நவகோபால் மித்ரர் 1867இல் 'இந்து மேளா'வைத் தொடங்கியவர். அங்கே நரேந்திரன் கம்பு சுற்றவும் வாள் வீசவும் மல்லுக் கட்டவும் படகு வலிக்கவும் கற்றான். ஒருநாள் பையன்கள் கனமான ஊஞ்சல் கம்பம் ஒன்றை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டத்திலிருந்து ஓர் ஆங்கிலேய மாலுமியை உதவிக்குக் கூப்பிட்டான் நரேந்திரன். கம்பம் சரிந்து மாலுமியின்மேல் விழுந்தது, அவர் மயங்கிவிட்டார். செத்தே போய்விட்டார் என்று நினைத்துக் கூட்டம் ஓடிவிட்டது. நரேந்திரனும் ஓரிரு நண்பர்களும் மட்டும் நின்றார்கள். தன் வேட்டியைக் கிழித்துக் காயத்தைக் கட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போய், வைத்தியரை வரவழைத்து, ஒரு வாரம் பார்த்துக்கொண்டு, அவர் கிளம்பும்போது நண்பர்களிடம் வசூல் செய்த பணத்தையும் கையில் கொடுத்து அனுப்பினான்.

வீரக்கதையாகவே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். நான் கவனிக்கச் சொல்வது வேறு. விபத்து இரண்டு இடத்திலும் நடந்தது. வீட்டு முற்றத்தில் நடந்தபோது ஒரு பெரியவரின் கோபத்தில் எல்லாமே நின்றுபோனது. மித்ரரின் கூடத்துச் சம்பவம் அப்படி முடியவில்லை. அந்தக் கூடம் ஒரு வீட்டுக்காரரின் பொறுமையை நம்பி நடந்ததில்லை. காசு கட்டி ஒப்பந்தம் போட்டுச் சேரும் வியாபார இடமும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பொது இடம்.

என் கணக்கு

இனி என் கதை. சில வருடங்களுக்கு முன் ஒரு பேரங்காடியிலிருந்த ஜிம்மில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மாதம் 129 வெள்ளி, பன்னிரண்டு மாத ஒப்பந்தம், பதிவுக் கட்டணம் 99. மொத்தம் 1,647 வெள்ளி. முதல் மாதம் பதினொரு நாள் போனேன். இரண்டாம் மாதம் ஏழு. அப்புறம் வேலைநேரம் மாறியது, மழைக்காலம் வந்தது, தீபாவளி வந்தது. வருடம் முடிந்து நுழைவு அட்டைக் கணக்கைப் பார்த்தால் மொத்தம் 41 நாள். வகுத்துப் பாருங்கள்: ஒரு தடவைக்கு 40 வெள்ளி! அந்தக் காசுக்கு இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து நாசி கண்டார் சாப்பிட்டிருக்கலாம். (சாப்பிடாததும் நல்லதுதான்.)

'இனிமேல் வீட்டிலேயே' என்று அடுத்த வருடம் கிளம்பினேன். பழைய பெஞ்ச் 250, எடை மாற்றக்கூடிய டம்பெல் ஜோடி 280, பார்பெல்லும் 100 கிலோ தட்டுகளும் 1,150, தரைக்கு ரப்பர் விரிப்பு 220. ஆக 1,900 வெள்ளி. ஒன்பதாவது மாடி வீடு, முன் அறையில் பாதி போய்விட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சாமி மேடைப் பக்கம் வேர்வையோடு வராதே என்று மட்டும் சொன்னார்.

முதல் நான்கு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கீழ்வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனிதர். "தம்பி, ராத்திரி பத்து மணிக்கு மேல தலைக்கு மேல ஏதோ விழுந்துகிட்டே இருக்கு, பேரப்பிள்ளை எந்திரிச்சு அழுவுது" என்றார். அடுத்து நிர்வாகத்திலிருந்து கடிதம். அடுக்குமாடி வாழ்க்கையில் தளம் நம்முடையது என்று நினைக்கிறோம், அது கீழ்வீட்டாருக்குக் கூரை என்பதை மறந்துவிடுகிறோம். பொதுவாக வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பாரம் என்ற கணக்கில் கட்டப்படுகின்றன. அமைதியாக வைத்திருக்கும் பாரம் பெரும்பாலும் தொல்லை தராது. தொப்பென்று போடுவதுதான் ஆபத்து, சண்டையும் அதனால்தான்.

ஒரு மாலையில் நடந்ததை இதுவரை வகுப்பில் சொன்னதில்லை. பெஞ்சில் படுத்து 60 கிலோ தூக்கினேன். எட்டாவது தடவை பாரம் நெஞ்சுவரை இறங்கியது, ஏறவில்லை. மூச்சு விட்டால் இன்னும் அழுத்துகிறது. கூப்பிடக் குரல் வரவில்லை. காலால் தரையைத் தட்டினேன். சமையலறையிலிருந்து அம்மா ஓடிவந்து ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், அந்தப் பக்கத்துத் தட்டுகள் சரிந்து விழுந்தன, கம்பி மறுபக்கம் புரண்டது. என் நெஞ்சில் ஒரு வாரம் நீலம். அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

வீட்டில் பயிற்சி செய்ய நினைக்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியே ஆகவேண்டும். தனியாக இருக்கும்போது பார்பெல்லை நெஞ்சுக்கு மேல் தூக்கும் பயிற்சி வேண்டவே வேண்டாம். பக்கவாட்டில் தாங்கும் இரும்புச் சட்டம் இருந்தால் வேறு கதை. இல்லையென்றால் டம்பெல் வைத்துச் செய்யுங்கள். முடியாதபோது இரண்டு பக்கமும் கீழே விட்டுவிடலாம், உயிர் போகாது. எத்தனை கிலோ தூக்குகிறோம் என்று போட்டி போடுவதற்கு வீடு ஏற்ற இடமில்லை.

அதன்பின் பெஞ்ச் துணி மடித்து வைக்கும் மேசை ஆனது. பார்பெல் துண்டு காயப்போடும் கொடி ஆனது. பினாங்கு உப்புக் காற்றுக்கு ஆறே மாதத்தில் துரு. கடைசியில் எல்லாவற்றையும் 850 வெள்ளிக்கு விற்றேன். நட்டம் 1,050. பயிற்சி செய்த நாள்கள் 58. ஒரு தடவைக்கு 18 வெள்ளி சொச்சம்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது: தோற்றுப்போன வீட்டு ஜிம்கூட, தோற்றுப்போன ஜிம் உறுப்பியத்தைவிட மலிவாகத்தான் முடிந்திருக்கிறது. இரும்பை விற்கலாம். போகாத நாளை யாரிடம் விற்பது?

போகாமலே கட்டும் பணம்

இந்த 41 நாள் கதை என் ஒருவனுடைய சோம்பேறித்தனம் என்று நீண்டநாள் நினைத்திருந்தேன். ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிக் மல்மெண்டியர் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல், கொஞ்சம் கோபம். அமெரிக்காவில் மூன்று உடற்பயிற்சி நிலையங்களின் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களின் வருகைப் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்திற்குச் சராசரியாக நான்கு தடவை சொச்சம்தான் போயிருக்கிறார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்திருக்கிறது. அதே நிலையத்தில் பத்து முறைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு தடவைக்குப் பத்து டாலர்தான்! சேரும்போது எத்தனை நாள் போவீர்கள் என்று கேட்டால், உண்மையில் போகப்போவதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சொல்கிறார்களாம்.

ஆக, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது இன்றைய நாம். போகவேண்டியது ஆறு மாதத்திற்குப் பிறகு வேலை முடிந்து களைத்து வரும் நாம். இந்த இருவருக்கும் பழக்கமே கிடையாது. "இன்று இரவுக்குள்" என்று விற்பனைக்காரர் அவசரப்படுத்துவதற்கும் காரணம் அதுதான். ஒரு வாரம் யோசித்தால் அந்த இரண்டாவது ஆள் வந்து பேச ஆரம்பித்துவிடுவார்.

நீண்ட ஒப்பந்தத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 2016 ஜூலையில் சிங்கப்பூரில் கலிஃபோர்னியா ஃபிட்னஸ் கிளைகள் மூடப்பட்டன. 2017 ஜூனில் ட்ரூ ஃபிட்னஸ் மலேசியாவிலும் தாய்லாந்திலும் மூடப்பட்டது. பெரிய பெயர்தான், பெரிய கட்டடம்தான். முன்கூட்டியே கட்டியவர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். அதனால் இரண்டு வருடப் பணத்தை ஒரே தடவையாகக் கட்டினால் மாதம் 99தான் என்று யாராவது சொன்னால் அதைக் கழிவு என்று எண்ணாதீர்கள். நீங்கள் அவர்களுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களுக்கு: கலங்கவேண்டாம், சட்டம் கொஞ்சம் நம் பக்கம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைகளுக்கான ஒப்பந்தத்தைப் பற்றியது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை நீங்கள் இடையில் ரத்து செய்தால், முழு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடும், அதுவரை நீங்கள் பெற்ற சேவைக்கும் எடுத்துக்கொண்ட பொருளுக்கும் உரிய தொகையும்தான் உங்களிடம் கேட்கலாம். மீதி மாதங்கள் அத்தனைக்கும் கட்டு என்று மிரட்டினால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்திற்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை விசாரிப்பார்கள். நம் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழில் பேசியே ஆலோசனை கேட்கலாம். எதைச் செய்தாலும் எழுத்தில் செய்யுங்கள். வரவேற்பு மேசையில் வாயால் சொல்லிவிட்டு வந்தது கணக்கில் வராது. எனக்கு நேர்ந்தது அது.

"வருமான வரியில கழிச்சுக்கலாம்னு சொன்னாங்க அண்ணே" என்றான் தம்பி. உண்மைதான். 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து விளையாட்டுச் செலவுக்குத் தனியாக 1,000 வெள்ளி வரை வரி விலக்கு உண்டு, ஜிம் கட்டணமும் அதில் சேரும். ஆனால் தம்பிக்குச் சம்பளம் 2,200. தனிநபர் விலக்கு 9,000 வெள்ளியும் இ.பி.எஃப் பிடித்தமும் போக, வரி மீதான தள்ளுபடி 400 வெள்ளியும் சேர்ந்தால் அவன் கட்டவேண்டிய வரியே பூச்சியம். கட்டாத வரியில் எதைக் கழிப்பது? சம்பளம் கூடுதலாக உள்ளவர்களுக்கு அந்த விலக்கு கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

24 மாதம் பெருக்கல் 149 என்றால் 3,576 வெள்ளி. பிடித்தம் போக அவன் கைக்கு வருவது 1,940 சொச்சம். ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளத்தை அன்று இரவுக்குள் எழுதிக்கொடுக்க இருந்தான். வீட்டில் அப்பாவுக்கு வேலை இல்லை, அம்மா கைக்கு மாதம் 500 கொடுக்கிறான், மோட்டார் கடன் வேறு.

உடம்பு கேட்பது எவ்வளவு?

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி பெரியவர்களுக்குச் சொல்வது: வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அவ்வளவே. இதில் எந்த இடத்திலும் ட்ரெட்மில் என்ற சொல் கட்டாயமில்லை. வேகமாக நடந்தால் பேச முடியும், பாட முடியாது என்ற அளவு இருந்தால் அது மிதமான உழைப்பு.

நம் ஊரில் நடப்பதற்கு இடமா இல்லை? 1884இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. அங்கிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், தொடை எரியும். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. தைப்பூசத்துக்கு ஒருநாள் ஏறிவிட்டு மறுநாள் படுத்துக்கொள்கிறோமே, வாரம் இருமுறை ஏறினால் காவடி எடுக்கும் வருடம் கால் நடுங்காது. (ஜனவரி பிறந்ததும் விரதத்தோடு சேர்த்துத் தண்டால் எடுக்க ஆரம்பிக்கும் தம்பிகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.) கோயிலுக்குச் சற்றுத் தள்ளி இளையோர் பூங்கா, 1972இல் திறந்தது. நடைபாதையும் உடற்பயிற்சிக் கருவிகளும் உண்டு, கட்டணம் இல்லை.

தசைக்கு வலுவூட்டுவதுதான் கொஞ்சம் யோசிக்கவேண்டியது. தண்டால், பஸ்கி இரண்டும் நம் முன்னோர் வெறுந்தரையில் எடுத்தவை. கர்லாக்கட்டை சுற்றலாம், ஆனால் தாழ்ந்த கூரையுள்ள பிளாட்டில் மின்விசிறி தப்பாது. தம்பி போன்ற ஆரம்பக்காரருக்கு எடை மாற்றக்கூடிய ஒரு டம்பெல் ஜோடி, ஒரு ரப்பர் பட்டை, ஒரு விரிப்பு. இதற்குமேல் முதல் ஆறு மாதத்திற்கு எதுவும் வேண்டாம். கதவு நிலையில் மாட்டித் தொங்கும் கம்பி வாங்குமுன் நிலை எவ்வளவு உறுதி என்று தட்டிப் பாருங்கள். பழைய பிளாட் நிலைகள் சில நம்மோடு சேர்ந்தே கீழே வரும்.

அப்படியானால் ஜிம் வீணா? இல்லை. அங்கே சரியாகத் தூக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் (நல்ல ஜிம்மாக இருந்தால்), கனம் கூட்டிக்கொண்டே போகத் தட்டுகள் இருக்கும், பாரம் நெஞ்சில் இறங்கினால் பிடிக்க ஒரு கை இருக்கும். வீட்டில் இடமே இல்லாதவர்களுக்கு அது ஒரு மணி நேர இடமும்கூட. ஐந்து பேர் இரண்டு அறையில் இருக்கும் குடும்பத்தில் "வீட்டிலேயே செய்" என்று சொல்வது எளிது. எங்கே செய்வது?

தங்கைகள் விஷயம் வேறு. வகுப்பில் மூன்று தங்கைகளிடம் கேட்டேன். ஒருவர் ஜிம்மில் தன்னைப் படம் எடுத்தவனைக் கண்டு நிறுத்திவிட்டார். இன்னொருவருக்கு இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போக வீட்டில் அனுமதியில்லை. அதே வீட்டில் அண்ணன் பதினொரு மணிக்கு வருகிறான், அது தனிக் கட்டுரைக்கு உரியது. மூன்றாமவர் வீட்டு முன்கூடத்தில் அம்மாவையும் சேர்த்துக்கொண்டு ரப்பர் பட்டையில் பயிற்சி செய்கிறார், ஒன்றரை வருடமாக விடவில்லை. எங்கள் எல்லோரையும்விட அவர் கணக்குத்தான் மலிவு. துணைக்கு ஆள் இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். நான் வீட்டில் தனியாகச் செய்தேன், ஜிம்மிலும் தனியாகத்தான் போனேன். இரண்டும் நின்றன.

தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. வாலிபர்கள் தூக்கிப் பலம் காட்டும் உருண்டைக் கல். அதை யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை, ஊர்ப் பொதுவில் கிடக்கும். தூக்குகிறவனுக்குச் சுற்றி நிற்கும் கூட்டம்தான் பாதிப் பலம். மித்ரரின் கூடமும் அப்படித்தான் இருந்திருக்கவேண்டும்.

நான்கு வாரம்

தம்பிக்கு நான் கொடுத்த வேலை இதுதான். ஒரு வெள்ளிகூடச் செலவழிக்காமல் நான்கு வாரம், வாரம் மூன்று நாள். நாள்காட்டியில் செய்த நாளுக்கு ஒரு கோடு. செய்யாத நாளுக்குக் காரணத்தை ஒரே சொல்லில் எழுதவேண்டும்: மழை, ஓடி, தூக்கம், அம்மா, பந்து. அவ்வளவுதான் பாடம்.

முடிவில் பன்னிரண்டுக்கு எட்டுக் கோடு. செய்யாத நான்கில் மூன்றுக்கு ஒரே சொல்: "வீடு". வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றிவிட்டால் திரும்ப வெளியே வர முடியவில்லை. உள்ளே செய்ய இடமில்லை. செய்த எட்டு நாளில் ஆறு நாள் தொழிற்சாலையிலிருந்து நேராகப் போனவை.

அந்த நாள்காட்டியை வைத்துத்தான் முடிவெடுத்தோம். அவனுக்கு வீட்டு ஜிம் சரிவராது. கர்னி பக்கம் அவன் பார்த்து வைத்த பளபள ஜிம்மும் வராது, வீட்டைத் தாண்டிப் போகவேண்டும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, மோட்டாரை நிறுத்தினால் நுழைந்துவிடும் தூரத்தில் ஒரு சின்ன ஜிம் இருந்தது. குளிரூட்டி கிடையாது, கருவிகள் பழையவை. மாதாமாதம் கட்டலாம், ஒப்பந்தம் இல்லை. 80 வெள்ளி. மாதம் எட்டு நாள் போனால் ஒரு தடவைக்குப் பத்து வெள்ளி, நான்கு நாளாகக் குறைந்தால் இருபது. இருபதைத் தொட்டால் நிறுத்திவிடுவது என்று அவனே எல்லை வைத்துக்கொண்டான். இரண்டு மாதம் ஆகிறது. இடுப்பு 37 என்கிறான். அளவுநாடாவை அம்மாதான் பிடிக்கிறாராம்.

நானும் ஒரு டம்பெல் ஜோடி மீண்டும் வாங்கிவிட்டேன், பழையதுதான், 120 வெள்ளி. பார்பெல் பக்கம் போகவில்லை.

நம் மண்டபத்தின் பின்னறை விஷயம் செயலவையில் பேசப்படுகிறது. வாரம் இரண்டு மாலை திறந்து, நான்கைந்து டம்பெல், விரிப்பு வாங்கிப் போடலாம் என்பது யோசனை. சாவி யாரிடம், அடிபட்டால் யார் பொறுப்பு, தங்கைகளுக்குத் தனி மாலை எது என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு வந்தால்தான் ஒப்புதல் என்று தலைவர் சொல்லிவிட்டார். கேட்டது சரியான கேள்விதான். நரேந்திரனின் சித்தப்பா கோபப்பட்டது நினைவிருக்கட்டும். பதில் எழுத விருப்பமுள்ளவர்கள் அடுத்த ஞாயிறு வகுப்பு முடிந்ததும் இருங்கள். உங்கள் நான்கு வார நாள்காட்டியையும் எடுத்து வாருங்கள், கோடு எத்தனை என்று யாரும் கேலி செய்யமாட்டோம்.

அதுவரை சனிக்கிழமை காலை 6.45, இளையோர் பூங்கா முன்வாசல். தண்ணீர் போத்தலும் துண்டும் போதும். மழை பெய்தால் 7.15 வரை காத்திருந்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.